மேடையும் குறிப்பேடும்

(வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை, அச்சுக்காகச் சற்றே செப்பனிடப்பட்டது.)

"அவர்களே" வரிசையை நான் தொடங்கப்போவதில்லை. தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், வரவேற்றவர், நன்றியுரைக்குக் காத்திருப்பவர் என்று ஒவ்வொருவராக விளித்து முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் டீக்கடைக்குப் போய்விடும் என்று நாம் கேலி செய்வதுண்டு. கேலியில் எனக்கும் பங்கு உண்டு. ஆனாலும் அந்த வரிசையை ஒருமுறை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். மாவட்டச் செயலாளருக்கு முன்னால் ஒன்றியச் செயலாளரின் பெயர் வந்துவிட்டால் பேச்சாளர் கைக்கு ஒரு துண்டுச்சீட்டு வந்து சேரும். யாருக்கு "மாண்புமிகு", யாருக்கு "அண்ணன்", யாருக்கு வெறும் "தோழர்" என்பதில் அந்தக் கட்சியின் அதிகார அடுக்கு முழுவதும் அடங்கியிருக்கும். எல்லாம் முடிந்தபின் "திரளாகக் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே" என்பார். பெயர் இல்லாத ஆயிரம் பேர் ஒரே மூச்சில் முடிந்துபோவார்கள்.

அந்தக் கடைசி விளியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். மேடைப்பேச்சு என்றாலே அதன் கருத்து சரியா தவறா, நடை அழகா அலங்காரமா என்றுதான் விவாதிக்கிறோம். எனக்கு வேறு இரண்டு கேள்விகள் பெரிதாகப் படுகின்றன. பேச்சாளர் "நாம்" என்னும்போது அந்த வட்டத்துக்குள் யார் நிற்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள்? அந்தப் பேச்சை யார், எதற்காக எழுதி வைத்தார்கள்? முதல் கேள்வி அரசியலையும் அடையாளத்தையும் சேர்ந்தது. இரண்டாவது ஆய்வைச் சேர்ந்தது. முதலாவதற்கு நாம் சொல்லும் பதில் பெரும்பாலும் இரண்டாவதற்குள் சிக்கிக் கிடக்கிறது என்பது என் கட்சி. அரிஸ்டாட்டில், சிசரோ என்று தொடங்கலாம்தான். நம் வாசலிலேயே சரக்கு நிறையக் கிடக்கும்போது அவ்வளவு தூரம் போவானேன்?

தமிழர்கள் பிறவிப் பேச்சாளர்கள், சங்க காலம் தொட்டே மேடை கண்டவர்கள் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், எவரும் வரலாம் என்று அழைத்து, திரண்டவர்களைப் பார்த்து, ஒரு பொருளைப் பற்றி உரைநடையில் தொடர்ந்து பேசி, "நீங்கள் இனி இப்படி நடக்க வேண்டும்" என்று கேட்கும் வழக்கம் தமிழில் 200 ஆண்டுப் பழமைகூட இல்லாதது. இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானிடவியலாளர். 1990களில் மதுரையில் தங்கிப் பொதுக்கூட்டங்களைக் கேட்டவர். திராவிட மேடைத்தமிழைப் பற்றிய அவருடைய நூல் 2009இல் வந்தது. தமிழ்ப் பேச்சுக்கலையின் தோற்றத்தைப் பற்றிய இரண்டாவது நூலை முடிக்குமுன் 2016இல் காலமானார். நண்பர்கள் தொகுத்து 2021இல் வெளியிட்டார்கள். அவர் சொல்லும் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்டவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கதை யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. 1847 டிசம்பர் 31ஆம் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம்முடைய முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். அப்போது வயது 25; "நாவலர்" பட்டம்கூட இன்னும் வரவில்லை, அது 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்தது. அதுவரை கோயிலில் நடந்தது புராணபடனம். ஒருவர் பாட்டைப் படிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார். கேட்டாலே புண்ணியம். அங்கே நடுநாயகம் நூல்தான். சபையில் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படிப்பது ஒன்றே. நாவலர் செய்தது வேறு வகை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டார். கொல்லாமை, கள்ளுண்ணல், பிறன்மனை நயத்தல், தானம், சிவலிங்க வழிபாடு என்று தலைப்புகள் விரிந்தன. வந்திருந்தவர்களை நேரே பார்த்து, நீங்கள் சைவர்கள், உங்கள் நடத்தை இதுவாக இருக்க வேண்டும் என்றார்.

இந்த முறையை அவர் எங்கே கற்றார் என்பதில் ரகசியம் இல்லை. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பேர்சிவல் பாதிரியாரிடம் விவிலிய மொழிபெயர்ப்பில் உடனிருந்து உழைத்தவர் நாவலர். வாராவாரம் நாள் குறித்துப் பேசுவது, எளிய வசனத்தில் பேசுவது, பேச்சோடு பள்ளிக்கூடத்தையும் அச்சுக்கூடத்தையும் சேர்த்து நடத்துவது எல்லாம் மிஷன் ஆயுதங்கள். எதிரியின் ஆயுதத்தால் எதிரியைத் தாக்கினார் என்று நாவலரைப் புகழ்கிறவர்கள் சொல்வார்கள். அது உண்மையில் பாதிதான். ஆயுதம் கை மாறும்போது பிடித்த கையையும் மாற்றிவிடும். பிரசங்கம் செய்யப்பட வேண்டிய ஒரு மதமாக, கொள்கை இன்னது ஒழுக்கம் இன்னது என்று வகுத்துச் சொல்லப்பட வேண்டிய ஒரு மதமாகச் சைவம் அந்த வெள்ளிக்கிழமைகளில் உருக்கொண்டது. "நாம் சைவர்" என்று ஊர் கடந்து சொல்லிக்கொள்ளும் ஒரு கூட்டம் அந்தப் பேச்சின் வழியே தன்னை அறிந்துகொண்டது.

அந்தக் கூட்டம் யார்? கோயிலுக்குள் நுழைய உரிமை உள்ளவர்கள். யாழ்ப்பாணத்தில் அன்று எத்தனையோ சாதியாருக்குக் கோயில் வாசல் அடைத்திருந்தது. நாவலருக்கும் அதில் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. கொல்லாமையும் கள்ளுண்ணாமையும் உலகத்துக்கெல்லாம் பொதுவான அறமாகப் பேசப்பட்டன. கேட்பதற்கான இடம் மட்டும் பொதுவாக இல்லை. இந்தப் பிரசங்கங்களைப் பற்றி நமக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டால், முக்கியமான மூலங்களில் ஒன்று நாவலரின் தமையனார் மகன் த. கைலாசபிள்ளை எழுதிய ஆறுமுகநாவலர் சரித்திரம். மரியாதைக்குரிய நூல். ஆனால் மதிலுக்கு வெளியே நின்ற ஒருவர் காதில் அந்தக் குரல் எப்படி விழுந்தது என்று அதில் தேடினால் கிடைக்காது.

அடுத்த 50, 60 ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். சமயப் பிரசங்கம் தமிழில் பரவியது. அரசியல் மட்டும் ஆங்கிலத்தை விடவில்லை. 1887இல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸில் ஏறத்தாழ எல்லோரும் ஆங்கிலத்தில் முழங்கினார்கள். 1907 மே மாதம் விபின் சந்திர பால் சென்னைக் கடற்கரையில் தொடர்ந்து பேசியபோதும் மொழி ஆங்கிலம். அவரை வரவழைத்ததில் பாரதிக்குப் பங்கு உண்டு. மாணவர்கள் கிறங்கிப்போனார்கள். கடற்கரையில் சுண்டல் விற்றவருக்கு என்ன புரிந்திருக்கும் என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை.

மாற்றம் தூத்துக்குடியில் வந்தது. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். 1908 தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார். வத்தலக்குண்டுக்காரர், வயது 23. மாலை நேரத்தில் கடற்கரையில் கூட்டங்கள் நடந்தன. ஒலிபெருக்கி இல்லாத காலம். கேட்டவர்களில் வக்கீல்களும் கடைக்காரர்களும் மட்டும் இல்லை, ஹார்வி கம்பெனியின் கோரல் மில் தொழிலாளர்களும் இருந்தார்கள். அந்தப் பிப்ரவரி 27ஆம் தேதி மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரக் குறைப்பு கேட்டார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கிவந்தது. சுதேசியத்தை எதிர்த்துப் பேசிய வக்கீல் ஒருவரைப் பாதிச் சவரத்தோடு விட்டுவிட்டு நாவிதர் எழுந்து போய்விட்டதாக ஒரு செய்தி உண்டு. பேச்சு கடற்கரையில் நிற்காமல் ஊருக்குள் நடமாடியதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். நெல்லையில் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். ஜூலை 7ஆம் தேதி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல். வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள்: ஒன்று அவர் பேசியதற்கு, மற்றொன்று சிவா பேச உடந்தையாக இருந்ததற்கு. மேல்முறையீட்டில் இவை பிறகு குறைந்தன, வ.உ.சி. 1912 டிசம்பரில் விடுதலையானார்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அந்தக் கடற்கரையில் என்ன பேசினார்கள் என்பது இன்று நமக்கு எப்படித் தெரியும்? காவல்துறை ஆட்கள் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்ததால் தெரியும். தமிழ்ச் சுருக்கெழுத்து புழக்கத்துக்கு வராத நேரம். சாதாரண எழுத்தில், பேச்சின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், எட்டியதை எழுதினார்கள். விட்டதை நினைவிலிருந்து நிரப்பினார்கள். அது ஆங்கிலமாகி நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி அந்த ஆங்கிலத்தை வைத்து எடை போட்டார். ஆவணக் காப்பகத்தில் ஆராய்ச்சியாளர் அதைப் படித்தார். அவர் தமிழில் எழுதும்போது அது திரும்பவும் தமிழானது. சிவா பேசியது என்று இன்று ஒரு பத்தியை நாம் படித்துச் சிலிர்க்கிறோம் என்றால், அந்தச் சிலிர்ப்புக்கு ஒரு காவல்துறை ஆள், ஒரு மொழிபெயர்ப்பாளர், ஓர் ஆய்வாளர் மூன்று பேரும் பங்காளிகள்.

குறிப்பெடுத்தவர் எதைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதும் முக்கியம். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870இல் நுழைந்த 124-ஏ பிரிவு அரசுக்கு எதிரான வெறுப்பைச் சொல்லால் மூட்டுவதைக் குற்றமாக்கியது. ஆகவே வெறுப்பாகத் தோன்றிய இடங்களில் பேனா ஓடியது. சிவா ரஷ்யாவில் நடந்த புரட்சியை எடுத்துக்காட்டிப் பேசியது பதிவாகியிருக்கிறது. அதற்கு முன் கூட்டத்தைச் சிரிக்க வைக்க என்ன கதை சொன்னார், எந்த இடத்தில் பாட்டு பாடினார், யார் குறுக்கே கேள்வி கேட்டார்கள்? வழக்குக்கு உதவாதவை, விடுபட்டன. காவல்துறையின் சல்லடையில் தங்கியதைத்தான் நாம் தேசிய வரலாறு என்று படிக்கிறோம். அந்தச் சல்லடை தங்கவைத்த வ.உ.சி. எப்போதும் கொந்தளிப்பவர். தம் கைப்பட அவர் எழுதிய சுயசரிதை அகவற்பாவில் நிதானமாக நடக்கிறது. இரண்டும் ஒரே மனிதர்தான். ஒன்றை மட்டும் வைத்து அவரை அளக்க முடியாது.

பின்ஹே தீர்ப்பு வந்த அதே ஜூலையில், இரண்டு வாரம் கழித்து, பம்பாயில் திலகருக்கு ஆறாண்டு கிடைத்தது. தம்முடைய மராத்திக் கட்டுரைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு பிழையானது என்று திலகர் நீதிமன்றத்திலேயே மல்லுக்கட்டினார். அவருக்காவது மூலம் கேசரியில் அச்சாகிக் கையில் இருந்தது. வாய்மொழியாகப் பேசியவர்களுக்கு அந்த வசதியும் கிடையாது.

இந்த ஆவணங்களைத் தூக்கி எறியச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. அவை இல்லாவிட்டால் நமக்கு ஒன்றுமே இல்லை. ஆ.இரா. வேங்கடாசலபதி திருநெல்வேலி எழுச்சியைப் பற்றி எழுதிய நூல் 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. அரசுக் காகிதங்கள் கலகம் என்று எழுதி மூடிய நிகழ்ச்சியை எழுச்சி என்று வாசிக்க அந்தக் காகிதங்களையும் பயன்படுத்த முடியும் என்பதற்கு அது சான்று. யார் எழுதியது என்று மறந்துவிட்டு வாசிப்பதுதான் ஆபத்து.

அதே காலத்தில் சென்னை இராயப்பேட்டையில் ஒருவர் வேறு குரலில் பேசிக்கொண்டிருந்தார். 1907 ஜூன் மாதம் அயோத்திதாசப் பண்டிதர் "ஒரு பைசாத் தமிழன்" என்ற வார இதழைத் தொடங்கினார். சுதேசியம் பேசுகிறவர்கள் சாதியை விடாமல் வைத்துக்கொண்டு யாரைச் சுதேசி என்கிறார்கள் என்பது அவருடைய ஓயாத கேள்வி. கடற்கரையில் "நாம்" என்று சொன்னபோது, அந்தச் சொல்லுக்குள் தம் மக்கள் அடங்கவில்லை என்று அன்றே, அச்சில், வாரந்தோறும் சொன்னவர் அவர். நம் வரலாற்று நூல்களில் எத்தனை தலைமுறைக்கு அவர் பெயர் இருந்தது? தேசிய இயக்கத்தை ஆராய்ந்தவர்கள் தேசிய இயக்கம் விட்டுச்சென்ற தாள்களைத் தேடினார்கள். அரசை ஆராய்ந்தவர்கள் அரசு பயந்தவர்களின் கோப்புகளைத் தேடினார்கள். அயோத்திதாசர் இரண்டிலும் சரியாகப் பொருந்தவில்லை. ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவருடைய எழுத்துகள் பாளையங்கோட்டையிலிருந்து 1999இல் வெளிவந்த பிறகே பொதுவெளியில் அவர் பரவலாகப் பேசப்பட்டார். அவருடைய சொல்லாராய்ச்சியில் பல இடங்கள் எனக்கு உடன்பாடில்லாதவை. அது தனி விவாதம்.

1916 தொடங்கி நிலைமை வேகமாக மாறியது. நீதிக்கட்சி வந்தது, பிராமணரல்லாதார் பெயரால் பேசிய அந்தக் கட்சியின் 1916 அறிக்கையே ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது என்பது ஒரு வேடிக்கை. அதை எதிர்கொள்ளக் காங்கிரஸுக்குத் தமிழில் பேசுகிறவர்கள் தேவைப்பட்டார்கள். திரு.வி. கலியாணசுந்தரனார் அந்த இடத்துக்கு வந்தார். 1918 ஏப்ரலில் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது தலைவர் பி.பி. வாடியாவால் ஆங்கிலத்தில்தான் பேச முடிந்தது. தொழிலாளர்களிடம் தமிழில் பேசியவர்களில் திரு.வி.க. முன்னே நின்றார். தமிழாசிரியராக இருந்தவர் தொழிற்சங்க மேடைக்கு வந்தபோது பள்ளியின் தமிழும் கூடவே வந்தது. செந்தமிழ் மேடை ஏறியது அங்கே என்று சொல்லலாம். அதைக் கட்சிக் கொடியாக உயர்த்தியவர்கள் பின்னால் வந்தார்கள்.

இடையில் பெரியார். 1925இல் குடிஅரசும் சுயமரியாதை இயக்கமும். மணிக்கணக்கில் பேசினார், பேச்சுவழக்கில் பேசினார். எதுகை மோனை கிடையாது. எதிரில் இருப்பவனோடு வழக்காடுகிற பேச்சு அது: நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே, வீட்டுக்குப் போய் யோசி என்கிற ரகம். காமராசரும் மேடையில் கடைசிவரை ஊர்ப்பேச்சுத்தான் பேசினார். கொள்கையில் எவ்வளவோ விலகியிருந்த இருவருக்கும் பேச்சில் ஒரு ஒற்றுமை: இருவருமே பேசும்போது தமிழைக் காட்சிக்கு வைக்கவில்லை.

அண்ணா காட்சிக்கு வைத்தார். குறையாகச் சொல்லவில்லை, அதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. 1943இல் கம்பராமாயணம், பெரியபுராணம் பற்றி ரா.பி. சேதுப்பிள்ளையோடு சென்னைச் சட்டக் கல்லூரியிலும், நாவலர் சோமசுந்தர பாரதியாரோடு சேலத்திலும் அவர் நடத்திய சொற்போர்கள் "தீ பரவட்டும்" என்ற பெயரில் அச்சாயின. அன்று மேடையின் எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் தமிழறிஞர்கள். அவர்களுடைய நூல்களையே எதிர்த்து, அவர்களுடைய தமிழைவிட மிடுக்கான தமிழில் பேசினார் காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்திலிருந்து வந்த ஓர் இளைஞர். பண்டிதர் வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிக் கிடந்த நடையைத் தெருமுனைக்குக் கொண்டுவந்தது சாதாரணச் செயல் இல்லை. பழந்தமிழ் பண்டிதருக்கு மட்டும் சொத்தில்லை, உனக்கும் சொத்து என்று சொல்லாமலே சொன்னது அந்த நடை. 1949இல் தி.மு.க. தோன்றிய பிறகு படிப்பகங்களிலும் சலூன்களிலும் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்டார்கள். 1952இல் பராசக்தி வந்தபோது நீதிமன்றக் காட்சி வசனத்தை மனப்பாடம் செய்த சிறுவர்கள் ஊருக்கு நாலு பேர். மேடைத்தமிழ் திரைக்குப் போய், திரைத்தமிழ் மேடைக்குத் திரும்பியது.

மக்களாட்சி மக்களுடைய பேச்சுமொழியில் வரும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். தமிழ்நாட்டில், மக்கள் யாரும் வீட்டில் பேசாத ஒரு மொழியில் வந்தது. பேட் இந்தப் புதிரைத்தான் பிடித்துக்கொண்டார். தொன்மையான தமிழைப் பேசுகிறவர் தொன்மையான தமிழினத்தின் உருவமாகவே மேடையில் தோன்றினார், அதனால் அந்த நடைக்கு அரசியல் வலிமை வந்தது என்பது அவர் விளக்கம். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். அந்த நடை கேட்டவருக்குப் பெருமை தந்தது. கூடவே, அவரைக் கேட்பவராகவே நிறுத்தியும் வைத்தது. பெரியார் கூட்டத்தில் எழுந்து நின்று எதிர்க்கேள்வி கேட்கத் தனித்தமிழ் தேவையில்லை. அடுக்குமொழிக் கூட்டத்தில் எழுந்து "அதெப்படிங்க?" என்று கேட்க யாருக்கு வாய் வரும்? கைதட்டலாம், விசில் அடிக்கலாம். பதில் பேச முடியாது.

இந்த இடைவெளியை உறவுமுறையால் இட்டு நிரப்பினார்கள். அண்ணா "தம்பி" என்று கடிதம் எழுதினார். கருணாநிதி "உடன்பிறப்பே" என்றார். தலைவருக்கும் தொண்டனுக்கும் நடுவே நடையில் இருந்த தூரத்தை விளி ஒரே தாவலில் கடந்தது. கட்சி குடும்பமானது. குடும்பத்துக்குள் அண்ணனை எதிர்த்துப் பேசுவதில் இருக்கும் சங்கடமும் கட்சிக்குள் வந்தது. தங்கைகள் இந்தக் கடிதங்களில் எங்கே என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். "பேசிப் பேசியே ஆட்சியைப் பிடித்தார்கள்" என்று 1967ஐச் சுருக்குவது சோம்பேறித்தனம். அரிசித் தட்டுப்பாடு இருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி இருந்தது. 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அதில் விழுந்த உயிர்களும் இருந்தன. ராஜாஜியோடு கூட்டணி இருந்தது. விருதுநகரில் காமராசர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றது வெறும் எதுகை மோனையால் இல்லை. பேச்சு அரிசியை உண்டாக்காது. அரிசி இல்லாத கோபத்தை யார்மீது, எந்தப் பெயரில் திருப்புவது என்பதைத்தான் பேச்சு முடிவு செய்யும். அந்த வேலையைத் திராவிட மேடை திறம்படச் செய்தது.

பெண்களின் கதை இதில் தனியாக நிற்கிறது. 1938 நவம்பர் 13ஆம் தேதி சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. ஈ.வெ.ரா.வுக்குப் "பெரியார்" என்ற பெயரை வழங்கிய மாநாடு அது. அங்கே அவர் பேசிய பேச்சு பெண்களை இந்தி எதிர்ப்பு மறியலுக்குத் தூண்டியது என்று வழக்காகி, அவர் சிறைக்குப் போனார். வழக்கானதால் அவருடைய பேச்சு ஏட்டில் ஏறியது. அந்த இயக்கத்தில் ஊர் ஊராகப் பேசியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவர் எழுதிய "தாசிகள் மோசவலை" நாவல் அச்சில் இருக்கிறது. மேடைக்கு மேடை அவர் பேசியதில் எவ்வளவு நமக்குக் கிடைக்கிறது? மிகச் சொற்பம். காவல்துறையும் பத்திரிகையும் தலைவருக்குக் குறிப்பெடுத்த அளவுக்கு அவருக்கு எடுக்கவில்லை. பிறகு ஓர் ஆய்வாளர் வந்து, கிடைக்கும் பதிவுகளை எண்ணிப் பார்த்து, "அக்கால மேடைகளில் பெண்களின் பங்களிப்பு குறைவாகவே காணப்படுகிறது" என்று எழுதுவார். காணப்படுகிறது! யாரால் காணப்படுகிறது?

நம் பல்கலைக்கழக ஆய்வுத்தமிழின் பேச்சுத்திறன் இந்த வினைமுற்றில்தான் ஒளிந்திருக்கிறது. ஆராயப்பட்டுள்ளது, அறியலாகிறது, கருதப்படுகிறது, புலனாகிறது. மேடைப் பேச்சாளராவது "நான் சொல்கிறேன்" என்று நெஞ்சில் தட்டிக்கொள்வார். பிடித்து இரண்டு கேள்வி கேட்கலாம். ஆய்வேட்டில் சொல்கிறவர் எவரும் இருக்க மாட்டார். உண்மை தானாகவே எழுந்து வந்து தாளில் உட்கார்ந்தது போல ஒரு தோற்றம். அடுக்குமொழியைக் கேலி செய்யும் பேராசிரியர்களிடம் நான் சொல்வேன்: உங்களுடையதும் ஒரு நடைதான், அதற்கும் ஒரு கூட்டம் கைதட்டிக்கொண்டுதான் இருக்கிறது. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் போய்ப் பாருங்கள். அங்கும் "அவர்களே" வரிசை உண்டு, பொன்னாடை உண்டு.

எனவே இளம் ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். மேற்கோள் காட்டும்போது பேசியவர் பெயரோடு, குறிப்பெடுத்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். காவல்துறைக் குறிப்பா, கட்சிப் பத்திரிகையில் பேச்சாளரே திருத்திக் கொடுத்த வடிவமா, எதிர்க்கட்சி ஏடு கிண்டலாகப் போட்டதா, ஒலிநாடாவிலிருந்து எழுதியதா? ஒரே பேச்சு நான்கிலும் நான்கு பேச்சாக இருக்கும். அச்சில் வந்த திராவிட இயக்கச் சொற்பொழிவு நூல்களில் "சிரிப்பு", "பலத்த கைதட்டல்" என்று அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். யாருக்குச் சிரிப்பு வந்தது, யார் தட்டினார்கள் என்று அந்த அடைப்புக்குறி சொல்லாது. ஆனால் அங்கேயாவது கேட்பவர்கள் இருந்தார்கள் என்பதற்கு ஓர் அடையாளம் மிஞ்சியிருக்கிறது. இன்று கைப்பேசியில் வரும் முப்பது வினாடித் துணுக்கில் அதுவும் கிடையாது. கேமரா பேச்சாளர் முகத்தை விட்டு நகர்வதே இல்லை.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் வயதில் மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் சிலர் வீட்டில் 1970களின், 80களின் ஒலிநாடாக்கள் இருக்கும். பெரிய தலைவர்களுடையதை எப்படியும் யாராவது பாதுகாத்துவிடுவார்கள். தலைமைக் கழகப் பேச்சாளர் என்று நோட்டீஸில் சிறிய எழுத்தில் போட்டு, முக்கியப் பேச்சாளர் வரும்வரை கூட்டத்தைக் கட்டிவைத்திருந்தாரே, அவருடைய நாடாதான் அரிது. பூஞ்சை பிடித்தாலும் எறிந்துவிடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் இருக்கின்றன. கொடுப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிச் செருகிவிடுங்கள்: எந்த ஊர், எந்தத் தெருமுனை, என்ன தேதி, எந்தத் தெருக்காரர்கள் வந்திருந்தார்கள், எந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை, பெண்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நாடாவில் அது பதிவாகியிருக்காது.